களியக்காவிளை தாண்டி லிஸ்பன் வரை: போர்ச்சுகலில் பத்து நாள் கழிப்பது எப்படி

ஐரோப்பா டூர் என்று நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் விற்கப்படுவது பெரும்பாலும் பத்து நாளில் ஐந்து நாடு பேக்கேஜ். பாதிப் பகல் பஸ்ஸிலேயே போய்விடும். மீதியில் பாதி, கூட வந்தவர்கள் எல்லாரும் கழிப்பறைக்குப் போய்த் திரும்பக் காத்திருப்பதில் போகும். போர்ச்சுகல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மூன்று ஊரில் தங்கி, ரயிலிலும் பஸ்ஸிலும் சுற்றுவது குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நல்லது. நாடு சிறியது, லிஸ்பனிலிருந்து போர்ட்டோவுக்கு ரயிலில் மூன்று மணி நேரம்தான். தட்டில் மீனும் சோறும் கிடைக்கும். கோட்டாறு சவேரியார் 1541 ஏப்ரல் 7 அன்று இந்தியாவுக்குக் கப்பலேறிய ஊர் லிஸ்பன். பதுவை அந்தோணியாரும் ஓரியூர் அருளானந்தரும் பிறந்த ஊரும் அதுவே. பொதுவான வழிகாட்டிகள் இதையெல்லாம் ஒரு வரியில் தாண்டிப் போய்விடும். நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் அங்கேதான் கூடுதலாக நேரம் ஒதுக்க வேண்டும்.

எந்த மாதம், எத்தனை நாள்

ஏப்ரல், மே, செப்டம்பர் பின்பாதி, அக்டோபர். நம் பள்ளி விடுமுறையும் ஏப்ரல், மே என்பதால் பிள்ளைகளோடு போக வசதி. ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் விலையும் உச்சம். உள்நாட்டு அலென்டேஜோ பகுதியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். நம்மூர் இடவப்பாதிபோல் கொட்டித் தீர்க்காது. ஆனால் குளிர்காற்றோடு வரும் சாரல் குடையைத் திருப்பிவிடும். ஜூனில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணி ஆகும் என்பதால் பகல் நீளமாகக் கிடைக்கும்.

பத்து இரவு என்றால் லிஸ்பனில் ஐந்து, பாத்திமாவில் ஒன்று, போர்ட்டோவில் நான்கு என்று பிரித்துக்கொள்ளலாம். தெற்கே அல்கார்வ் கடற்கரையும் வேண்டுமென்றால் போர்ட்டோவை விட்டுவிடுங்கள். இரண்டையும் திணித்தால் பெட்டி கட்டுவதும் அவிழ்ப்பதுமே வேலையாகிவிடும்.

விசா: எங்கே சறுக்குகிறது

இது ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் செல்லும் ஒரே விசா. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே கட்டணமில்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் ஜனவரியிலேயே நேரம் பதிவு செய்துவிடுவது நல்லது. மார்ச் வந்தால் நாள் கிடைக்காமல் திண்டாட வேண்டியிருக்கும்.

பாஸ்போர்ட் கடைசி பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

நிராகரிப்புக்குப் பெரிய காரணம் வங்கிக் கணக்கு அறிக்கை. ஆறு மாதமாக நாற்பதாயிரத்தில் கிடந்த கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் ஐந்து லட்சம் வந்து விழுந்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். சீட்டு எடுத்த பணமோ, ரப்பர் விற்ற பணமோ, வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பியதோ, எதுவானாலும் ஆதாரத்தோடு ஒரு பக்க விளக்கக் கடிதம் இணைத்துவிடுங்கள். செலவை மகன் ஏற்கிறான் என்றால் அவனுடைய ஒப்புதல் கடிதம், சம்பளச் சான்று, அவன் கணக்கு அறிக்கை மூன்றும் வேண்டும்.

அடுத்தது இரவுக் கணக்கு. ஸ்பெயினையும் சேர்த்துப் போகிறீர்கள் என்றால் எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. விசா எளிது என்று கேள்விப்பட்டு ஒரு நாட்டில் வாங்கிக்கொண்டு வேறு நாட்டில் நாளைக் கழிப்பது எல்லையில் கேள்விக்கு இடம் தரும்.

மூன்றாவது, நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல். பலர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாகவும், முழுப்பெயர் இன்னொரு இடத்திலும் இருக்கும். டிக்கெட்டில் அந்தக் காலியிடத்தை எப்படி நிரப்புவது என்பதில் ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. டிக்கெட் எடுக்கும் முன் கேட்டு, அதே வடிவத்தை எல்லா டிக்கெட்டிலும் பயன்படுத்துங்கள். போகிற வழியில் துபாயில் இறங்கி இரண்டு நாள் சுற்றும் ஆசை இருந்தால் கவனம்: ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவோடு அமீரகத்துக்குள் போவதில் 2022 முதல் கட்டுப்பாடு உண்டு. இறங்காமல் விமானம் மட்டும் மாறுவதற்கு அது தடையில்லை.

விமானமும் பெட்டியும்

திருவனந்தபுரத்திலிருந்து லிஸ்பனுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய் அல்லது தோஹாவில் மாறிப் போவது சுளுவான வழி. ஆகஸ்ட் கடைசியிலும் ஓணம் முடிந்த கையோடும் வளைகுடாக் குடும்பங்கள் திரும்புவதால் முதல் கட்டத்தின் விலை எகிறும்; அந்த வாரங்களைத் தவிருங்கள். ஃபிராங்க்பர்ட் போன்ற ஐரோப்பிய நகரத்தில் மாறினால் குடிநுழைவுச் சோதனை அங்கேயே நடக்கும். 2025 அக்டோபர் முதல் கைரேகையும் முகப்படமும் எடுத்துப் பதியும் புதிய முறை படிப்படியாக வந்திருப்பதால் வரிசை மெதுவாக நகரும். இடைவெளி மூன்று மணி நேரமாவது இருக்கட்டும்.

பெட்டியில் என்ன போடலாம் என்பதில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை. எனவே நெய், பால்கோவா, மாட்டிறைச்சி ஊறுகாய், கோழி வறுவல் எதுவும் கூடாது. கறிவேப்பிலைக் கொத்தும் கூடாது. பச்சை இலை, காய்கறி, பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கும் மட்டும் விலக்கு. ஏத்தங்காய் சிப்ஸ், முறுக்கு, சம்மந்திப்பொடி, மாங்காய் ஊறுகாய், புளியோதரைப் பொடிக்குப் பிரச்சினையில்லை. மீன் பொருள் ஆளுக்கு 20 கிலோ வரை விதிப்படி அனுமதி உண்டு. ஆனால் கருவாட்டைக் கட்டிக்கொண்டு ஹோட்டல் அறையில் பிரிப்பது வேறு விவகாரம்.

மின்சாரம் 230 வோல்ட்தான். போன் சார்ஜரின் மெல்லிய இரட்டை உருளைக் கால்கள் அப்படியே நுழையும். மூன்று கால் பிளக் நுழையாது, அதற்கு மாற்றி வேண்டும்.

செருப்பை வீட்டில் விடுங்கள். போர்ச்சுகல் நடைபாதைகள் முழுக்கச் சிறு சுண்ணாம்புக்கல் பதித்தவை. பல காலம் தேய்ந்து வழவழவென்றிருக்கும். மழை தூறினால் சரிவில் வழுக்காமல் நிற்பதே பெரும்பாடு. அடிப்பாகம் பள்ளம் பள்ளமாக வெட்டிய ரப்பர் ஷூ வேண்டும், புதிதாக இல்லாமல் ஒரு மாதம் போட்டுப் பழகியதாக.

லிஸ்பனில் நடமாட்டம்

விமான நிலையத்துக்குள்ளேயே மெட்ரோ உண்டு. சிவப்புத் தடத்தில் ஏறி அலமேடாவில் பச்சைத் தடத்துக்கு மாறினால் ரொசியோ, அதாவது பழைய நகரத்தின் நடுவே இறங்கலாம். நவெகான்டே என்ற அட்டை அரை யூரோ. ஓர் அட்டையில் ஒருவர்தான் போக முடியும். நான்கு பேர் என்றால் நான்கு அட்டை. 24 மணி நேரச் சீட்டு சுமார் 7 யூரோ. மெட்ரோ, பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் செல்லும். முதலில் தட்டிய நிமிடத்திலிருந்து கணக்கு என்பதால் சாயங்காலம் வாங்கினால் மறுநாள் சாயங்காலம் வரை ஓடும். ஓர் அட்டையில் நாள் சீட்டு இருக்கும்போது அதில் பணம் ஏற்ற முடியாது. இயந்திரத்தின் முன் நின்று பலர் திணறுவது இதனால்தான்.

28ஆம் எண் மஞ்சள் டிராமை எல்லாப் படத்திலும் பார்த்திருப்பீர்கள். காலை பத்து மணிக்கு மார்ட்டிம் மோனிஸில் வரிசையில் நின்றால் ஒரு மணி நேரம் வெயில் காய வேண்டும். ஏறியதும் பிக்பாக்கெட்காரர் பக்கத்தில் நிற்பார். காலை எட்டு மணிக்கு முன்னால், மறுமுனையான காம்போ தெ ஊரிக்கில் ஏறினால் ஜன்னல் ஓர இருக்கை கிடைக்கும். க்ளோரியா என்ற சாய்வு ரயிலில் 2025 செப்டம்பர் 3 அன்று நடந்த விபத்தில் 16 பேர் இறந்தார்கள். பழைய வழிகாட்டிகளில் அதைப் பற்றி எழுதியிருப்பதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

தெருவில் ஆட்டோ மாதிரியே ஒன்று நிற்கும், பெயரும் டுக்டுக்தான். நகரத்து மேட்டில் இருக்கும் கோட்டைக்குப் போக நம்மூர் ஆட்டோ என்று நினைத்து ஏறிவிடாதீர்கள்; அது சுற்றுலா வண்டி, மணிக்கணக்கில் வாடகை. நான்கு பேருக்கு போல்ட், ஊபர் காரே மலிவு. மூட்டுவலிக்காரர்கள் கோட்டைக்கு ப்ராசா த ஃபிகேய்ராவில் 737ஆம் எண் சிறு பஸ்ஸைப் பிடிக்கலாம். நகர நடுவே பாய்ஷா பகுதித் தெருக்களில் ஒருவர் வந்து காதோரம் கஞ்சா வேண்டுமா என்று கேட்டால் நிற்காமல் நடங்கள். வற்புறுத்த மாட்டார்கள், விற்பதும் பெரும்பாலும் போலிச் சரக்கு.

நம்மாட்கள் பார்க்க வேண்டிய லிஸ்பன்

லிஸ்பன் பேராலயத்தை ஒட்டினாற்போல் ஒரு சிறு கோயில் இருக்கிறது. 1195இல் அந்தோணியார் பிறந்ததாகச் சொல்லப்படும் வீடு நின்ற இடம் அது. பிறந்த அறையின் இடம் கீழ்த்தளத்தில் சிறு நிலவறையாக இருக்கிறது; படி இறங்கிப் போகலாம், கட்டணமில்லை. பதுவை என்பது அவர் இறந்த ஊர். லிஸ்பன்காரர்கள் பதுவை என்ற பேச்சையே எடுப்பதில்லை, எங்கள் அந்தோணி என்பார்கள். ஜூன் 13 இங்கே நகர விடுமுறை. முந்தின இரவு அல்ஃபாமா என்ற பழைய பகுதியின் சந்துகளில் கரி அடுப்பு வைத்துச் சாளை மீனைச் சுட்டுத் தருவார்கள். துளசி இனத்துச் சிறு செடியைத் தொட்டியோடு விற்பார்கள். அந்த இரவு அல்ஃபாமாவில் அறை எடுத்தால் விடியும்வரை தூக்கம் கிடையாது. பெரியவர்கள் இருந்தால் மெட்ரோ தூரத்தில் தங்குங்கள்.

அருளானந்தர் 1647 மார்ச் 1 அன்று பிறந்ததும் இந்த நகரத்தில்தான். இதோடு இன்னொன்றும் உண்டு. தமிழ் வாசகம் முதன்முதலாக அச்சேறியது 1554இல் லிஸ்பனில், ரோமன் எழுத்தில். தமிழ் எழுத்திலேயே அச்சிட்டது 1578இல் நமக்குப் பக்கத்துக் கொல்லத்தில்.

ஆற்றங்கரையில் இருக்கும் பெலெம் பகுதிக்கு ஒரு முழுப் பகல் வேண்டும். கைஸ் தொ சொத்ரேயிலிருந்து கஷ்காய்ஸ் ரயில் சில நிமிடத்தில் கொண்டுவிடும். 15ஆம் எண் டிராமைவிட இதில் நெரிசல் குறைவு. ஜெரோனிமோஸ் மடத்துக்கு இரண்டு வரிசை உண்டு. மடத்தின் உள்முற்றத்துக்குச் சீட்டு வேண்டும், வலைத்தளத்தில் முன்பே எடுத்துக்கொள்ளலாம். கோயிலுக்குக் கட்டணமில்லை, வரிசையும் வேறு. இது தெரியாமல் நீண்ட வரிசையில் நிற்பவர்கள் ஏராளம். கோயிலுக்குள் நுழைந்ததும் ஒரு பக்கம் வாஸ்கோ ட காமாவின் கல்லறை, எதிர்ப்பக்கம் கவிஞர் கமோயிஷின் கல்லறை. வாஸ்கோ 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்து, ஃபோர்ட் கொச்சி புனித பிரான்சிஸ் கோயிலில்தான் முதலில் புதைக்கப்பட்டார். 1539இல்தான் எலும்புகள் போர்ச்சுகலுக்குப் போயின. கொச்சிக் கல்லறையைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் கணக்கு முழுமையாகும். மலபார் கரையில் அந்த மனிதர் செய்த அட்டூழியங்கள் பற்றி இங்கே எந்தப் பலகையிலும் எழுதியிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மடம் திங்கள்கிழமை மூடியிருக்கும். பெலெம் கோபுரம் 2025 ஏப்ரலில் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டது. திறந்திருந்தாலும் உள்ளே குறுகலான சுழற்படி மட்டுமே, ஆற்றங்கரையில் நின்று பார்ப்பதே போதும். 1837 முதல் இருக்கும் பெலெம் கடையில் முட்டைக் கூழ் பணியாரம் வாங்கும்போது தெருவில் வளைந்து நிற்கும் வரிசை பார்சலுக்கு உரியது. உள்ளே பெரிய உட்கூடங்கள் உண்டு, போய் உட்கார்ந்தால் பல சமயம் அதைவிடச் சீக்கிரம் கிடைக்கும். மேலே பட்டைப் பொடி தூவிச் சூட்டோடு சாப்பிட வேண்டும். முட்டை மஞ்சள் கரு இல்லாமல் இது கிடையாது, சைவர்கள் கவனிக்க.

பிள்ளைகள் கூட வந்தால் திங்கள்கிழமையை ஓஷனேரியத்துக்கு வையுங்கள். அது வாரம் முழுவதும் திறந்திருக்கும். 1998 உலகக் கண்காட்சிக்குக் கட்டியது. நடுவே ஒரே பெரிய தொட்டியைச் சுற்றிச் சுற்றி இரண்டு தளத்தில் பார்க்கலாம்.

சின்ட்ரா: நேரக் கணக்கு தப்பினால் சீட்டு வீண்

ரொசியோவிலிருந்து சின்ட்ராவுக்கு ரயில் 40 நிமிடம். மலைமேல் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கும் பெனா அரண்மனைக்கு நேரம் குறித்த சீட்டுத்தான். அந்த நேரம் அரண்மனை வாசலுக்கு உரியது, தோட்டத்து வாயிலுக்கு அல்ல. தோட்ட வாயிலிலிருந்து அரண்மனைக்கு ஏற்றத்தில் அரை மணி நேர நடை. ரயில் நிலையத்தில் 434ஆம் எண் பஸ்ஸுக்கு வரிசை அரை மணி நேரம் பிடிக்கலாம், பஸ் மலை ஏற இன்னொரு இருபது நிமிடம். எல்லாம் கூட்டினால் காலை 9.30 சீட்டுக்கு ரொசியோவில் ஏழரை மணிக்குள் ரயில் ஏற வேண்டும். 9.30ஐ விட்டால் பதினொரு மணிக்குள் மலையே நிரம்பிவிடும். காரில் போகலாம் என்று நினைக்காதீர்கள்; மலைச்சாலையில் தனியார் வண்டிக்குக் கட்டுப்பாடு உண்டு, கீழே நிறுத்த இடமும் கிடைக்காது.

பெனாவின் உள் அறைகளைவிட வெளித் தளங்களும், பக்கத்து மூர்களின் கோட்டைச் சுவரும், கின்டா த ரெகலேய்ரா என்ற தோட்ட மாளிகையில் 27 மீட்டர் ஆழத்துக்குச் சுழன்று இறங்கும் கிணறும்தான் மனதில் நிற்கும். மூன்றையும் ஒரே நாளில் பார்க்கக் கால் ஒத்துழைக்காது என்றால் கோட்டையை விடுங்கள்.

சின்ட்ராவிலிருந்து பஸ்ஸில் காபோ த ரோக்கா போகலாம். ஐரோப்பிய நிலப்பரப்பின் மேற்கு முனை அது. 140 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை, கீழே அட்லான்டிக். கன்னியாகுமரிக்காரர்களுக்கு நிலம் முடியும் இடம் புதிதல்ல, காற்றுதான் புதிது. மே மாதத்திலும் காதை மூடும் உடுப்பு வேண்டும். வேலிக்கு அப்பால் நின்று படம் எடுத்தவர்கள் விழுந்து இறந்திருக்கிறார்கள்.

பாத்திமாவில் ஓர் இரவு

லிஸ்பனிலிருந்து பகல் டூராகப் போய்த் திரும்புவது பெருந்தவறு. 1917 மே 13 முதல் அக்டோபர் 13 வரை மாதா காட்சி தந்ததாக நம்பப்படும் இந்த ஊரில் பகலில் நீங்கள் பார்ப்பது பெரிய சிமென்ட் சதுக்கம். ஈஸ்டர் முதல் அக்டோபர் வரை இரவு 9.30க்கு ஜெபமாலையும் மெழுகுதிரிப் பவனியும் நடக்கும். அதற்காகத்தான் போக வேண்டும். பகல் டூர் பஸ்கள் அதற்கு முன்னரே கிளம்பிவிடும்.

ரயிலில் போகாதீர்கள். பாத்திமா என்ற பெயரில் ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் திருத்தலம் அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர். லிஸ்பனின் செத்தே ரியோஸ் பஸ் நிலையத்திலிருந்து விரைவுப் பஸ் ஒன்றரை மணி நேரத்தில் திருத்தலத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இறக்கிவிடும்.

சதுக்கத்தில் வழவழப்பான பளிங்குப் பாதை ஒன்று காட்சிச் சிற்றாலயம் வரை போகும். முழங்காலில் போகும் நேர்ச்சை அதில்தான். முழங்கால் உறை கொண்டுபோகலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மெழுகுதிரி கொளுத்தும் இடத்தில் அனல் அடிக்கும். நீளமான திரியாக வாங்கினால் கையைச் சுடாது. மெழுகில் செய்த கை, கால், குழந்தை உருவங்களும் கடைகளில் உண்டு. மே 13, அக்டோபர் 13 திருநாட்களுக்குப் போக ஆசைப்பட்டால் பல மாதம் முன்பே அறை வேண்டும். கூட்டம் ஆகாதவர்கள் அந்த இரு வாரங்களையும் தவிர்த்தால் அமைதியாகப் பார்க்கலாம்.

மறுநாள் நசரே. குளிர்காலத்தில் உலகின் மிகப் பெரிய அலைகள் எழும் ஊர். 2020 அக்டோபரில் இங்கே ஒருவர் 26 மீட்டருக்கும் உயரமான அலையில் சறுக்கினார். கரைக்கு அருகிலேயே கடலுக்கடியில் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று முடிவதால் ஆழ்கடலின் வீச்சு குறையாமல் கரைக்கு வருகிறது, அதனால்தான் அத்தனை உயரம். கோடையில் போனால் அலையைப் பார்க்க முடியாது, ஏமாற வேண்டாம். ஆனால் கடற்கரையில் கம்பி வலைத் தட்டுகளில் பாரை இனத்துச் சிறுமீனை முதுகு பிளந்து காயப்போட்டிருப்பார்கள். குளச்சல், தூத்தூர்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

போர்ட்டோ

ரயில் சீட்டு 60 நாள் முன்பே திறக்கும். முன்கூட்டி எடுத்தால் விலை பாதிக்கும் கீழே போகும். 65 வயதானவர்களுக்கு எந்த நாட்டவரானாலும் பாதிக் கட்டணம். வயதுக்குச் சான்றாகப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், நகல் போதாது. நீண்டதூர ரயில் காம்பான்யா நிலையத்தில் நிற்கும்; நகர நடுவே இருக்கும் சாவோ பென்டோவுக்கு அதே சீட்டில் உள்ளூர் ரயிலில் போகலாம். அங்கே கூடம் முழுக்கச் சுமார் 20,000 நீலவெள்ளை ஓடுகளில் வரைந்த போர்க்காட்சிகள் இருக்கின்றன. இறங்கியதும் கிளம்பாமல் பத்து நிமிடம் நில்லுங்கள்.

1886இல் திறந்த இரட்டைத் தள இரும்புப் பாலத்தின் மேல்தளத்தில் நடந்து மறுகரைக்குப் போய், கீழ்த்தளம் வழியே திரும்புவது நல்ல சாயங்கால வேலை. மேல்தளத்தில் மெட்ரோவும் ஓடும், தண்டவாளத்தில் நின்று படம் எடுக்காதீர்கள். லெல்லோ என்ற பழமையான புத்தகக் கடைக்கு உள்ளே போகவே சீட்டு வேண்டும், புத்தகம் வாங்கினால் கழித்துக்கொள்வார்கள். கூட்டத்தில் படிக்கட்டைக்கூடப் பார்க்க முடியாது, விட்டுவிடலாம். அந்தப் பகலை டோரோ பள்ளத்தாக்கு ரயிலுக்குக் கொடுங்கள். பின்யாவோ வரை இரண்டரை மணி நேரம், போகும்போது வலப்பக்க ஜன்னல். ஆறும் திராட்சைத் தட்டுச் சரிவுகளும் அந்தப் பக்கம்தான்.

ரப்பர் தோட்டக்காரர்களுக்கு ஒரு பகல்

அருமனை, குலசேகரம் பக்கத்தில் ரப்பர் வெட்டுகிறவர்கள் லிஸ்பனிலிருந்து எவோராவுக்கு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸிலோ ரயிலிலோ போய் வரலாம். உலகத் தக்கையில் பாதி போர்ச்சுகலில் விளைகிறது. தக்கை ஓக் மரத்தின் பட்டையை முதலில் உரிக்க 25 ஆண்டு காத்திருக்க வேண்டும். பிறகு ஒன்பது ஆண்டுக்கு ஒரு முறைதான். முதல் இரண்டு உரிப்பும் தரத்தில் மட்டம். பாட்டில் மூடிக்கு ஆகும் பட்டை மூன்றாவது உரிப்பிலிருந்துதான் வரும். மரத்தில் வெள்ளை எண் ஒன்று எழுதியிருக்கும்; உரித்த ஆண்டின் கடைசி இலக்கம் அது. 4 என்றால் 2024. உரிப்பு மே முதல் ஆகஸ்ட் வரை, கோடரியால், உள்தோலில் வெட்டுப்படாமல். வெட்டுப்பட்டால் என்ன ஆகும் என்று நம் வெட்டுக்காரர்களுக்குத் தெரியும். எவோராவில் ரோமானியர் கோயிலும், சுவர் முழுக்க மனித எலும்பு பதித்த சிற்றாலயமும் உண்டு. சிறு பிள்ளைகளை இரண்டாவதுக்குள் கூட்டிப்போகலாமா என்று யோசியுங்கள். தூத்துக்குடிக் கரையில் தமிழ் அச்சுக்கு உழைத்த அண்டிரிக் அடிகளார் பிறந்த விலா விசோசா இங்கிருந்து கிழக்கே. தக்கைக் காட்டையும் அந்த ஊரையும் சேர்த்துப் பார்க்க கார் வேண்டும். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச அனுமதியும், ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டும் வேண்டும். டெபிட் கார்டை வாங்க மறுப்பார்கள். வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது முதல் ரவுண்டானாவில்தான் உறைக்கும்.

அல்கார்வைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பெனகில் குகைக்குள் நீந்திப் போகவும் மணலில் இறங்கவும் 2024 முதல் தடை. படகிலோ வழிகாட்டியோடு கயாக்கிலோதான் போகலாம். அடுத்தது, தண்ணீர் நீங்கள் நினைப்பதுபோல் இருக்காது. லிஸ்பன் பக்கம் கோடையிலும் 17 முதல் 20 டிகிரி. தெற்கே கொஞ்சம் மேல். சங்குத்துறையில் குளித்துப் பழகியவர்களுக்கு முதல் முங்கில் மூச்சு அடைக்கும். சிவப்புக் கொடி என்றால் இறங்கவே கூடாது, மஞ்சள் என்றால் நீந்தக் கூடாது, கட்டம் போட்ட கொடி என்றால் காவலர் தற்போது இல்லை.

சாப்பாடும் காசும்

உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி வந்து மேசையில் இருக்கும். இலவசம் இல்லை. தொடாவிட்டால் காசில்லை, வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது மரியாதைக் குறைவும் இல்லை. மதியம் ‘ப்ராத்து தொ தியா’ என்று எழுதியிருக்கும் அன்றைய சாப்பாடு மலிவு. சாதாரணக் கடையில் 10 முதல் 15 யூரோவுக்குள் முடியும். மூன்று மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள், ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குத்தான்.

சாளை மீன் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொழுப்பேறிச் சுவையாக இருக்கும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் உறைய வைத்தது. மசாலா கிடையாது, கல்லுப்பு மட்டும். பக்காலாவு என்பது உப்பிட்ட காட் மீன், ஒன்று இரண்டு நாள் ஊறவைத்துச் சமைப்பது. உப்புக் குறையாமல் வந்தால் அது அந்தக் கடையின் அவசரம், சமையலின் இயல்பல்ல. சோறு வேண்டுமென்றால் ‘அரோஸ் தெ மரிஸ்கு’ கேளுங்கள்: இறால், நண்டு, மட்டி போட்டுக் குழம்பாகக் கொதிக்கக் கொதிக்கச் சட்டியில் வரும். இருவருக்கு என்று எழுதியிருந்தால் மூன்று பேருக்குப் போதும்.

சைவர்கள் பச்சைக் கீரை சூப்பை நம்பி வாங்கினால் அடியில் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும். ‘செங் கார்னெ, செங் பெய்ஷெ’, அதாவது கறி இல்லாமல், மீன் இல்லாமல் என்று சொல்லுங்கள். லிஸ்பனின் லுமியாரில் ராதாகிருஷ்ணர் கோயிலில் சைவச் சாப்பாடு கிடைக்கும். ஹலால் கடைகளும் மளிகையும் மார்ட்டிம் மோனிஸ் பக்கம் நிறைய. அரிசி, பருப்பு, பச்சை மிளகாய் அங்கேயே வாங்கலாம். சமையலறை உள்ள குடியிருப்பாக எடுத்தால் காலைக்குக் கஞ்சியும் சம்மந்தியும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். பால் காப்பிக்கு ‘கலாவு’ கேளுங்கள், கண்ணாடி டம்ளரில் வரும். வெறும் காப்பி என்றால் இரண்டு மடக்குக் கடுங்கசப்பு.

பணம் எடுக்க ‘மல்டிபாங்கோ’ என்ற நீல எழுத்து இருக்கும் வங்கி இயந்திரத்தை மட்டும் பயன்படுத்துங்கள். சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்கும் மஞ்சள் நீல இயந்திரங்கள் கமிஷனில் உரித்துவிடும். ரூபாயில் கழிக்கட்டுமா, யூரோவிலா என்று திரை கேட்டால் எப்போதும் யூரோ. விடுதியில் நகர வரி தனி: லிஸ்பனில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ, அதிகபட்சம் ஏழு இரவு, போர்ட்டோவில் 3 யூரோ. 13 வயதுக்குக் கீழே லிஸ்பனில் கிடையாது. முன்பதிவில் முழுப் பணமும் கட்டிவிட்டோம் என்று முன்மேசையில் வாதாடுவது இந்த வரிக்காகத்தான்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார் நகல்; லிஸ்பனில் ரெஸ்டவுரடோரெஸ் சதுக்கத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே நிலையம் உண்டு. பிறகு இந்தியத் தூதரகம். அவசர எண் 112. திரும்பும் நாள் விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போங்கள். பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று கடைகளில் நிற்காதீர்கள். துபாய், தோஹா விமானத்துக்கு அதற்கு அப்பால் பாஸ்போர்ட் சோதனை வரிசை ஒன்று இருக்கிறது, நீளமானதும் அதுதான்.